அப்பச்சியின் புல்லட்: கார்புரேட்டரை மாற்றும் முன் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

சென்னையில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பூர்வீக வீடு தேவகோட்டைக்குப் பக்கத்தில். அவருடைய அப்பச்சி (எங்கள் பக்கத்து வழக்கில் அப்பா) தவறி 6 ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஓட்டிய 1989-ஆம் ஆண்டு புல்லட் 350 அப்போதிலிருந்து வீட்டு முகப்பிலேயே, சாக்குப் போர்த்திக் கிடந்தது. இந்தத் தை மாதம் ஊருக்குப் போனபோது அதை ஓட வைக்க ஆசைப்பட்டிருக்கிறார். புது பேட்டரி, புது பிளக், புது பெட்ரோல். பழைய டாங்க் மூடி துருப்பிடித்திருந்ததால் சாவி போட்டுப் பூட்டும் புது மூடி. உள்ளூர் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் செய்தார். வண்டி 2 நாள் நன்றாக ஓடியது.

அப்புறம்தான் தொல்லை. காலையில் 20, 30 உதை உதைத்தாலும் எடுப்பதில்லை. எடுத்தாலும் சோக் போட்டால்தான் ஓடுகிறது, சோக்கை இறக்கினால் ஆஃப் ஆகிறது. குன்றக்குடிக்குப் போய்த் திரும்பும்போது 5 கிலோமீட்டர் ஓடியதும், பெட்ரோல் தீர்ந்த மாதிரி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. 10 நிமிடம் மரத்தடியில் நிறுத்தியபின் எடுத்தது, மறுபடியும் 5 கிலோமீட்டரில் நின்றது. இப்படி 3 முறை கார்புரேட்டரைக் கழுவியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் 2 நாள்தான் தாங்குகிறது. ஒருநாள் கிக்கர் திருப்பி அடித்து அண்ணனுக்குக் கணுக்காலில் வீக்கம். இப்போது மெக்கானிக், 'கார்புரேட்டர் போச்சு, போரும் போட வேண்டும், 18,000 ஆகும்' என்கிறார் (போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது). அண்ணன், 'பழைய சாமான் வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்' என்கிறார். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு உறவினர் சொல்கிறார். 'யார் சொல்வதைக் கேட்பது?' என்பது இவருடைய கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

காரைக்குடியில் 30 ஆண்டுகளுக்கு மேல் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய 4 விஷயங்கள் எனக்குப் போதுமானவை. அவை: வண்டி சட்டென்று நிற்கவில்லை, இழுத்து இழுத்து நிற்கிறது, புது மூடி போட்டிருக்கிறீர்கள், சுத்தம் செய்தபின் சரியாக 2 நாள் ஓடுகிறது, கிக்கரில் ஏறி நின்றால் அப்படியே தாங்குகிறது.

கடைசி விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. உங்கள் எடை முழுவதையும் கிக்கரில் போட்டும் அது சட்டென்று இறங்காமல் நிற்கிறது என்றால், சிலிண்டரில் கம்ப்ரஷன் இருக்கிறது என்று பொருள். ரிங்கும் வால்வும் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த நிலையில் போர் போடச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வண்டி ஓடி, சூடாகி, நீலப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆயிலும் குடித்தால் அப்போது பேசலாம். ஆறு வருடம் நின்ற புல்லட் முதல் சில நிமிடம் புகை விடுவது இயல்புதான். ஆயில் அறையிலிருந்து ஆயில் மெதுவாகக் கீழே கிராங்க் கேஸில் இறங்கி நின்றிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் செய்தது தவறில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தவறு

கார்புரேட்டர் அடைத்திருந்தது என்று அவர் கண்டுபிடித்தது சரி. சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. ஸ்லோ ஸ்பீடுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் பெட்ரோல் கொடுக்கும் சின்ன ஜெட் அது. அதன் துளை தலைமுடி கனம்தான். துருத் தூள் ஒன்று போய் உட்கார்ந்தால் போதும். 30 உதைக்குப் பிறகும் பிளக் காய்ந்து இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இதையே சொல்கிறது: பெட்ரோல் சிலிண்டருக்குள் வரவே இல்லை.

ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது? ஆறு ஆண்டுகள் காலியாகக் கிடந்த இரும்பு டாங்க்கிலிருந்து. அதைத் தொடாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது, ஊருணியைத் தூர் வாராமல் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பது போல. உங்கள் வண்டி 2 நாள் ஓடி நிற்பது அதனால்தான். புது கார்புரேட்டர் போட்டாலும் அதே 2 நாள்தான் ஓடும், அப்போது 'டூப்ளிகேட் சாமான்' என்று பழி கடைக்காரர் மேல் விழும். உங்களுடைய மிக்கார்ப் கார்புரேட்டரில் ஸ்லைடு (ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மேலேறும் உருளை) உள்ளே ஆட்டம் கண்டு தேய்ந்திருந்தால் ஒழிய, அதை மாற்றத் தேவையில்லை.

எத்தனால் விஷயத்தில் உங்கள் உறவினர் சொல்வது பாதி உண்மை. 2023-இல் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இப்போது பெரும்பாலான பம்புகளில் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பழைய ரப்பர் டியூப், டாங்க்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பின் கார்க் வாஷர் ஆகியவற்றையும் அது ஊற வைத்தோ இறுக வைத்தோ கெடுக்கும். ஆகவே டியூபையும் வாஷரையும் புதிதாகப் போடுங்கள், பெரிய செலவு இல்லை. ஆனால் உங்கள் டாங்க் துருப்பிடித்தது இந்தப் பெட்ரோல் உள்ளே வருவதற்கு முன்பே.

5 கிலோமீட்டர் மர்மம்

இது தனி நோய். கார்புரேட்டர் அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்ததால்தான் எல்லோரும் குழம்பியிருக்கிறார்கள்.

இந்தப் பழைய புல்லட்டில் பெட்ரோல் பம்பு கிடையாது. டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, பெட்ரோல் தன் எடையில் இறங்குகிறது. அது இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். உங்கள் புது பூட்டு மூடியில் அந்தத் துளை இல்லையோ, ரப்பர் வாஷர் அதை மூடியிருக்கிறதோ தெரியாது, ஆனால் என் சந்தேகம் முழுக்க அங்கேதான். துளை இல்லாவிட்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளும். 10 நிமிடம் நிறுத்தினால் எங்காவது ஓரமாகக் காற்று கசிந்து உள்ளே போய், மறுபடியும் பெட்ரோல் இறங்கும். இன்னொரு 5 கிலோமீட்டர் கிடைக்கும்.

சோதிப்பது சுலபம். அடுத்த முறை நின்றவுடன் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டி எடுத்தால் கேஸ் முடிந்தது. ரப்பரைச் சரிசெய்யுங்கள், அல்லது துளையுள்ள மூடி வாங்குங்கள்.

மூடியைத் திறந்தும் எடுக்காவிட்டால், பிளக்கைக் கழட்டி இன்ஜின் மேல் வைத்துத் தீப்பொறியைப் பாருங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்துக் காய்ந்தபிறகு மட்டும், பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து. சூடான இன்ஜினில் பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்து, ஆறியபின் நீலமாக 'டக் டக்' என்று அடித்தால் தீப்பொறிக்கான மின் பாகங்களான கண்டென்சர் அல்லது காயிலில்தான் கோளாறு. பாயிண்ட் (மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாகம்) முனைகள் கருகியிருந்தாலும் கண்டென்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் மின்சாரக் கோளாறு பெரும்பாலும் வண்டியைச் சட்டென்று வெட்டி நிறுத்தும், அல்லது பட்பட்டென்று மிஸ் அடிக்க வைக்கும். உங்களுடையது இழுத்து இழுத்து நிற்கிறது. அதனால்தான் மூடி என்கிறேன்.

பெட்ரோல் இறங்குகிறதா என்று அளந்து பாருங்கள்

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். நம் வீடுகளின் முற்றம் தாழ்வாக இருக்கும், பக்கத்தில் சாமி விளக்கு எரியும். ஆகவே முற்றத்திலோ பட்டாலையிலோ, வீட்டுக்குள் எங்குமே வேண்டாம். வண்டியைத் தெருவுக்கோ கொல்லைக்கோ தள்ளிக்கொண்டு போங்கள்.

டேப்பை மூடி, கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழட்டி, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். டாங்க் மூடி பூட்டியபடியே இருக்கட்டும். டேப்பைத் திறந்து 2, 3 நிமிடம் கவனியுங்கள். இன்ஜினுக்கு உண்மையில் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடினால், மணிக்கு 2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 மில்லிதான். அதனால் வேகமாகக் கொட்டுகிறதா என்பதைவிட, ஒரே சீராக வருகிறதா என்பதுதான் முக்கியம். முதலில் நன்றாக வந்து, பிறகு நூலாக இளைத்து, மூடியைத் திறந்ததும் மறுபடியும் பெருகினால், மூடிதான் காரணம் என்று உறுதி. மூடி திறந்திருந்தும் நூலாகவே வந்தால் டேப்புக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கிறது. ரிசர்வில் வைத்தும் ஒருமுறை பாருங்கள், அதற்கு வேறு துளை.

இன்னொன்று: கூடுதல் பாதுகாப்பு என்று டியூப் நடுவே காகித ஃபில்டர் 2 மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஃபில்டர் நல்லதுதான், ஆனால் பம்பு வைத்த வண்டிகளுக்கான நெருக்கமான காகித ஃபில்டர் இதற்கு ஆகாது. தன் எடையில் இறங்கும் பெட்ரோலுக்கு அதைத் தாண்டிப் போகும் விசை இல்லை, நடுவில் காற்றுக் குமிழியும் நின்றுவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு, கம்பி வலை ஃபில்டர் ஒன்று மட்டும் போடுங்கள். டியூப் எங்கும் மேலே ஏறி இறங்காமல், மடியாமல், ஒரே சரிவாக இருக்க வேண்டும்.

பாட்டிலை அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் செம்பழுப்பாகத் தூள் படிந்தால் துரு. தெளிவாகத் தனிக் கோடாகப் பிரிந்தால் தண்ணீர். இந்தப் பாட்டிலை உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், வாக்குவாதமே தேவைப்படாது.

டாங்க்கைச் சுத்தம் செய்வது

துரு என்பது இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவே நடக்கும் மின்வேதியியல் சமாச்சாரம். நம் ஊருக்கு இது புதிதில்லை. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழும்பிய காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வகத்தில் உலோக அரிப்பும் ஒரு முக்கியமான ஆய்வுத் துறை. பித்தளை அண்டாவுக்கு அப்பத்தா புளி போட்டுத் தேய்த்ததும் அதே கணக்குதான்: மென்மையான அமிலம் களிம்பைக் கரைக்கும், உலோகத்தை அதிகம் தின்னாது. டாங்க்குக்கு நான் புளியைச் சொல்லவில்லை, நார் போய் அடைத்துக்கொள்ளும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும்.

டாங்க்கைக் கழட்டி, பெட்ரோலை முழுக்க வடித்து, டேப்பையும் கழட்டி, அந்தத் துளையை ரப்பர் அடைப்பான் போட்டு மூடுங்கள். சோப்புத் தண்ணீரில் 3, 4 முறை அலசி, பெட்ரோல் வாடை போகும்வரை விடாதீர்கள். உதிரும் துருவைத் தளர்த்த உள்ளே ஜல்லி போட்டுக் குலுக்குவார்கள். புல்லட் டாங்க்கின் நடுவே மேடு இருக்கிறது, ஜல்லி ஓரத்தில் சிக்கினால் எடுக்கவே முடியாது. அதற்குப் பதிலாக 30 நட்டுகளை எண்ணிப் போட்டு, குலுக்கி, 30-ஐயும் எண்ணி எடுங்கள்.

பிறகு லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, கழுத்துவரை நிரப்புங்கள். டாங்க் சுமார் 14 லிட்டர் பிடிக்கும், ஆக 700 கிராம் வேண்டும். ஒரு இரவு விட்டு, மறுநாள் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் போதும், இல்லாவிட்டால் இன்னொரு முறை. வெளியே வழிந்தால் பெயின்ட்டையும் பொன் நிறக் கோட்டையும் கெடுக்கும், உடனே தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். அப்பச்சி வண்டியின் அந்தக் கோடு கையால் தீட்டியது என்றால், மறுபடி அப்படிக் கிடைப்பது கஷ்டம்.

வடித்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, கடைசியாக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம், உப்பு துருவை அழைத்து வரும். உங்கள் வீட்டில் முற்றத்து மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது. பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள், நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காயும். காய்ந்த கையோடு அரை லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். இந்த வேலையை 'நாளைக்கு' என்று தள்ளினால், சுத்தமான இரும்பில் சாயங்காலத்துக்குள் மஞ்சள் துரு பூத்துவிடும்.

கழிப்பறைக்குப் போடும் ஆசிட்டை ஊற்றச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். அது இரும்பையும் சேர்த்துத் தின்னும், மடிப்புகளில் தங்கி மறுபடியும் அரிக்கும். உள்ளே ரெசின் பூசுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. சரியாக ஒட்டாவிட்டால், எத்தனால் பட்டுச் செதில் செதிலாக உரிந்து டேப்பை அடைக்கும். ஊசித்துளை விழுந்திருந்தால் மட்டும் பற்றவைப்பு. அதையும் டாங்க்கைப் பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பி வேலை செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். காலி டாங்க்கில் தங்கிய ஆவி வெடித்தால் ஆளைக் கொல்லும்.

வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள். கேனில் பட்டறைக்குக் கொடுத்தால் சாமான் கழுவ வாங்கிக்கொள்வார்கள்.

டாங்க் முடிந்தபிறகு கார்புரேட்டரை நான்காவது முறையாக, கடைசி முறையாகக் கழட்டச் சொல்லுங்கள். பைலட் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாமல், கிளீனரில் ஊற வைத்து ஏர் அடிக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள், இன்ஜின் சூடானபின் ட்யூன் செய்துகொள்ளலாம்.

உதைப்பதற்கு முறை இருக்கிறது

ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கிக்கொண்டு உதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எடுக்காததற்கு இதுவும் காரணம். இந்தக் கார்புரேட்டரில் சோக் என்பது தனியாக ஒரு சின்னப் பாதை. ஸ்லைடு இறங்கி மூடியிருக்கும்போதுதான் அந்தப் பாதையில் உறிஞ்சும் விசை இருக்கும். முறுக்கினால் சோக் போட்டும் போடாத மாதிரிதான்.

சாவியைப் போடுங்கள், சோக் போடுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். கிக்கரை மெதுவாக அழுத்தி, இறுக்கம் வந்ததும் நிறுத்துங்கள். டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரில் அழுந்திய காற்றை வெளியே விடுவது) பிடித்தபடி இன்னும் கொஞ்சம் அழுத்தினால், மின்னோட்டம் காட்டும் ஆம்ப்மீட்டரின் முள் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும். அங்கே லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் உடம்பின் எடையை வைத்து ஒரே நீளமாக இறக்குங்கள். அவசரமாக வெட்டி உதைப்பதுதான் திருப்பி அடிக்கும். இப்படி உதைத்தும் திருப்பி அடித்தால் டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) முன்னால் போயிருக்கிறது. ஆறு வருடம் நின்றதில் வேகத்துக்கேற்ப அந்த நேரத்தை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதையும் பாயிண்ட் இடைவெளியையும் சரிபார்க்காமல் அண்ணனை மறுபடி உதைக்கச் சொல்லாதீர்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உதைக்கும்போது காலில் செருப்பு அல்ல, ஷூ.

விற்பதா, வைத்துக்கொள்வதா

இதில் நான் தீர்ப்பு சொல்ல முடியாது, அது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் அண்ணன் நினைப்பது போல நாளைக்கே கைமாற்றிவிட முடியாது. ஆர்.சி. புத்தகம் அப்பச்சி பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆறு ஆண்டு தாமதத்துக்கு அபராதம் கேட்கலாம், கட்டிவிடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். ஆத்தாவுக்கும், உங்களுக்கும், அண்ணனுக்கும் அந்த வண்டியில் பங்கு உண்டு, ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியையே காட்ட வேண்டியிருக்கும்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இல்லையென்றால், சோதனை ஓட்டம் என்றுகூடச் சாலையில் எடுக்காதீர்கள். குன்றக்குடிக்குப் போன அன்று யார் மீதாவது இடித்திருந்தால், இழப்பீடு முழுவதும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கும்.

எலக்ட்ரிக் ஸ்டார்ட் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைத்துக்கொள்வது என்று முடிவானால்கூட, முதலில் 2, 3 உதையில் எடுக்கும்படி வண்டி வரட்டும். பெட்ரோல் வராத இன்ஜினை மோட்டார் வைத்துச் சுற்றினாலும் பேட்டரிதான் தீரும். என் கணிப்பில் டியூப், வாஷர், மூடி, கண்டென்சர், பாயிண்ட், டாங்க் வேலை, கூலி எல்லாம் சேர்ந்தும் உங்களிடம் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

நீங்கள் 3 மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குக் கிளம்பும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும். அதற்கும் மேல் வர முடியாது என்று தெரிந்தால், டாங்க்கையும் வடித்து, 2டி ஆயிலைச் சுற்றி உருட்டி வையுங்கள். வண்டி முகப்பிலேயே நிற்கட்டும், ஆனால் சாக்கு வேண்டாம், அது மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக மூடியையும் பாட்டில் சோதனையையும் பாருங்கள். பாட்டிலின் அடியில் என்ன படிந்தது, மூடியைத் திறந்ததும் சத்தம் கேட்டதா, பிளக் என்ன நிறத்தில் இருந்தது: இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று அப்போது சொல்கிறேன்.